ஒரே பட்டனில் எல்லாம் சுத்தமாகாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் இணைப்பிதழில் வந்த கணினிக் குறிப்பைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வேர்டு ஃபைலில் எழுத்து ஓரிடத்தில் பெரிதாகவும் ஓரிடத்தில் சிறிதாகவும் கலர் கலராகவும் கிடக்கிறதா, கன்ட்ரோல் ஏ அடித்து முழுவதையும் செலக்ட் செய்யுங்கள், மேலே 'ஏ' எழுத்தோடு அழிப்பான் படம் போட்ட பட்டனைத் தட்டுங்கள், எல்லாம் பளிச்சென்று ஆகிவிடும் என்று நாலே வரியில் முடித்திருந்தீர்கள். பளிச்சென்று ஆகும்தான், மறுக்கவில்லை. வெள்ளையடிக்கிறேன் என்று சுவரோடு சேர்த்து ஜன்னலுக்கும் அடித்தால்கூட வீடு பளிச்சென்றுதான் இருக்கும்.

நான் பல வருடமாக அடுத்தவர்களின் ஃபைல்களைச் சரிசெய்து கொடுப்பதையே தொழிலாக வைத்திருக்கிறேன். ஆய்வேடு, விழா மலர், ஆண்டறிக்கை, தன்வரலாறு என்று எது வந்தாலும் சரி, எழுத்துப் பிழை பார்க்கும் நேரத்தைவிட அதில் ஒட்டிக்கொண்டு வந்த தேவையில்லாத ஃபார்மேட்டிங்கை, அதாவது எழுத்துக்கும் பத்திக்கும் போட்ட அலங்காரத்தை, உரித்தெடுக்கும் நேரம்தான் அதிகம். அதனால் உங்கள் குறிப்பைப் படித்தபோதே வயிற்றைக் கலக்கியது. பயந்தது போலவே அந்த வாரமே ஒரு ஃபோன். ஆய்வேடு எழுதும் பெண், ஏற்கெனவே தெரிந்தவள். "அக்கா, பேப்பர்ல போட்டிருந்த மாதிரியே செஞ்சேன், இப்ப பொருளடக்கத்தையே காணோம்" என்றாள், அழாத குறை.

ஃபைலை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். 160 பக்கத்துக்கு மேல். அத்தியாயத் தலைப்பு, உள்தலைப்பு எல்லாம் சாதாரண வரியாக மாறி மற்ற வரிகளோடு கலந்து நிற்கின்றன, எது தலைப்பு எது பத்தி என்று படித்துப் பார்த்தால்தான் தெரியும். தானாக உருவாகும் பொருளடக்கம் 'ஹெடிங்' என்ற ஸ்டைல் (பெயர் வைத்துச் சேமித்த அமைப்பு) போட்ட வரிகளைப் பார்த்துத்தான் பட்டியல் போடும். அந்த ஸ்டைலையே அழித்துவிட்டால் அது எங்கே போய்த் தேடும்? அவள் 'அப்டேட்' கொடுத்திருக்கிறாள், உள்ளீடு எதுவும் இல்லை என்று ஒரே ஒரு வரி வந்து நின்றிருக்கிறது. நூல் பெயர்களுக்குப் போட்டிருந்த சாய்வெழுத்து அத்தனையும் நிமிர்ந்துவிட்டது. அடிக்குறிப்பு எண்கள்தான் மோசம். மேலே சின்னதாக நின்ற எண்கள் இறங்கி வந்து வரியோடு உட்கார்ந்துவிட்டன. ஓரிடத்தில் 1947 என்ற ஆண்டுக்கு 5 என்று அடிக்குறிப்பு இருந்திருக்கிறது, இப்போது அது 19475. இதில் வேடிக்கை என்னவென்றால், அவள் எதைப் போக்க வேண்டும் என்று ஆரம்பித்தாளோ அந்த மஞ்சள் ஹைலைட் அப்படியே இருந்தது! அந்த அழிப்பான் பட்டன் ஹைலைட்டைத் தொடாது, அதற்கு ஹைலைட் பட்டனுக்கே போய் 'நோ கலர்' கொடுக்க வேண்டும். உங்கள் குறிப்பில் இது இல்லை.

சேவ் செய்து மூடியும் விட்டதால் 'அன்டூ' கொடுத்துச் செய்ததைத் திரும்பப் பெறவும் வழியில்லை. நல்லவேளை, இரண்டு நாள் முன்பு வழிகாட்டிக்கு மின்னஞ்சலில் அனுப்பிய பிரதி இருந்தது, பிழைத்தாள். எதைச் சுத்தம் செய்வதற்கு முன்னாலும் 'சேவ் ஆஸ்' கொடுத்து வேறு பெயரில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரியையாவது அந்தக் குறிப்பில் சேர்த்திருக்கலாம்.

சரி, குறை மட்டும் சொல்லிவிட்டுப் போகக் கூடாது.

வேர்டில் ஃபார்மேட்டிங் ஒரே இடத்தில் இருப்பதில்லை. தடிமன், சாய்வு, நிறம், எழுத்துரு, அளவு எல்லாம் எழுத்தோடு ஒட்டியிருப்பவை. இடது பக்க இடைவெளி, வரி இடைவெளி, நடுவில் நிறுத்துவது, பத்தியைச் சுற்றிய கட்டம் இவை பத்தியோடு ஒட்டியிருப்பவை. தாளின் ஓரம், நெடுக்கா குறுக்கா, பக்கத்தை இரண்டு தூணாகப் பிரிப்பதா என்பதெல்லாம் ஃபைலைப் பிரித்து வைத்த பகுதியான செக்‌ஷனுக்குச் சொந்தம். இவற்றில் முதல் இரண்டுக்கும் அடியில் ஸ்டைல் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் அஸ்திவாரம். எந்த அடுக்கில் அழுக்கு என்று பார்க்காமல் துடைத்தால் இப்படித்தான் ஆகும். எழுத்தோடு ஒட்டியதை மட்டும் உதிர்க்க, செலக்ட் செய்து கன்ட்ரோலும் ஸ்பேஸ் பாரும் போதும், பத்தியின் அமைப்பு அப்படியே நிற்கும். ஆனால் அடிக்குறிப்பு எண் இருக்கும் இடத்தை இதிலும் தவிர்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அதே 19475 கதைதான். பத்தியோடு ஒட்டியது மட்டும் போக வேண்டுமென்றால் கர்சரைப் பத்திக்குள் வைத்து கன்ட்ரோல் க்யூ. எழுத்தின் சாய்வும் தடிமனும் தப்பிக்கும். கன்ட்ரோல் ஷிஃப்ட் என் அடித்தால் அந்தப் பத்தி 'நார்மல்' ஸ்டைலுக்குப் போய்விடும். இந்த மூன்றையும் கையில் பழக்கிக்கொண்டவர்களுக்கு அந்த அழிப்பான் பட்டன் பெரும்பாலும் தேவைப்படாது.

ஃபார்மேட்டிங்கைக் கழற்ற லிப்ரே ஆஃபீஸ் வைத்திருப்பவர்களுக்கு கன்ட்ரோல் எம், கூகுள் டாக்ஸில் எழுதுபவர்களுக்கு கன்ட்ரோலோடு பின்சாய்வுக் கோடு. அங்கேயும் பிரதி எடுத்துக்கொண்டுதான் கை வைக்க வேண்டும்.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டிய காரியம் ஒன்று உண்டு. நான் எந்த ஃபைலைத் திறந்தாலும் முதலில் கன்ட்ரோல் ஷிஃப்ட் 8 அடித்து மறைந்திருக்கும் குறிகளை வெளியே வரவைத்துவிடுவேன். ஸ்பேஸ் அடித்த இடமெல்லாம் புள்ளி, டேப் அடித்த இடத்தில் அம்புக்குறி, என்டர் தட்டிய இடத்தில் திருப்பிப் போட்ட 'பி' போல ஒரு குறி. பார்த்தவுடன் ஆளின் பழக்கம் தெரிந்துவிடும். தலைப்பை நடுவில் கொண்டுவர முப்பது நாற்பது ஸ்பேஸ் தட்டியவர், அடுத்த பக்கம் போக வரிசையாக என்டர் தட்டியவர், அட்டவணை போடத் தெரியாமல் டேப்பாலேயே தூண் கட்டியவர். இவர்களை நான் குறை சொல்லமாட்டேன், தட்டச்சு இயந்திரத்தில் பழகிய கைகள் அப்படித்தான் செய்யும், அங்கே அதுதான் சரி. ஆனால் இந்தப் புள்ளிகளும் என்டர்களும் ஃபார்மேட்டிங் கிடையாது, அவை எழுத்துகள். அழிப்பான் பட்டனை நூறு முறை தட்டினாலும் ஒன்றுகூட நகராது. 'ஃபைண்ட் அண்டு ரீப்ளேஸ்' போய் இரண்டு ஸ்பேஸை ஒரு ஸ்பேஸாக மாற்றச் சொல்லி, எண்ணிக்கை பூஜ்யம் என்று வரும்வரை திரும்பத் திரும்பக் கொடுக்க வேண்டும். என்டருக்கும் அதே வழிதான்: 6 என்ற எண்ணுக்கு மேலே இருக்கும் கூரைக்குறியும் சிறிய 'பி' எழுத்தும் சேர்த்துப் போட்டால் வேர்டு அதை என்டர் என்று எடுத்துக்கொள்ளும், இரட்டை என்டரை ஒற்றையாக்கிவிடலாம். பத்திகளுக்கு நடுவே இடைவெளி வேண்டுமே என்று கேட்பார்கள். பத்தி அமைப்பில் 'ஸ்பேஸிங் ஆஃப்டர்' என்று இருக்கிறது, அங்கே 6 பாயின்ட்டோ 8 பாயின்ட்டோ கொடுங்கள், காலி வரி எதற்கு?

அந்தத் திருப்பிப் போட்ட 'பி' குறி வெறும் அடையாளம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு பத்தியின் அமைப்பு முழுவதும் அந்தக் குறிக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது. காப்பி செய்யும்போது அதையும் சேர்த்து செலக்ட் செய்தால் அந்தப் பத்தியின் ஓரம், வரி இடைவெளி எல்லாம் கூடவே வந்து இறங்கும். அதை விட்டுவிட்டு எழுத்தை மட்டும் எடுத்தால் அவை வராது. செக்‌ஷன் பிரேக்கும் இதே ஜாதிதான். நடுவில் ஒரு பக்கத்தைக் குறுக்காகத் திருப்பிவிட்டு, பிறகு வேண்டாம் என்று அந்தப் பகுதி தொடங்கும் இடத்தில் நிற்கும் பிரிப்புக் கோட்டை மட்டும் டெலீட் அடிப்பார்கள். அதற்கு முன்னால் இருந்த பக்கங்கள் பின்னால் வரும் செக்‌ஷனின் அமைப்பை எடுத்துக்கொள்ளும், திடீரென்று ஐம்பது பக்கம் குறுக்கே படுத்துக்கொள்ளும். வைரஸ் வந்துவிட்டது என்று என்னிடம் ஃபைலைக் கொண்டுவந்தவர்கள் உண்டு.

அடுத்து இணையத்திலிருந்து காப்பி அடித்து ஒட்டுவது. எல்லோரும் செய்கிறோம், நானும்தான். ஒட்டியதும் எழுத்துக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை வந்து நிற்கும். ஹைலைட் என்று நினைத்து 'நோ கலர்' கொடுத்துக் கொடுத்துக் கை ஓய்ந்துபோவார்கள், போகாது. அது ஹைலைட் இல்லை, ஷேடிங் என்ற பின்னணி நிறம். எழுத்தோடு வந்ததென்றால் கன்ட்ரோல் ஸ்பேஸ், பத்தியோடு வந்ததென்றால் கன்ட்ரோல் க்யூ. எது என்று தெரியாவிட்டால் இரண்டையும் அடியுங்கள். நீலத்தில் அடிக்கோடிட்டு நிற்கும் இணைப்புகளை செலக்ட் செய்து கன்ட்ரோல் ஷிஃப்ட் எஃப் 9 அடித்தால் வெறும் எழுத்தாகிவிடும். ஆனால் இதைப் ஃபைல் முழுவதுக்கும் கொடுத்துவிடாதீர்கள், தானாக மாறும் பொருளடக்கமும், வேறு பக்கத்தைப் பார்க்கச் சொல்லும் குறுக்குச் சுட்டுகளும் அதோடு சேர்ந்து செத்துப்போகும், அப்புறம் அவற்றுக்கு உயிர் வராது. இன்னொன்று, வரி முடிவில் வளைந்த அம்புக்குறி தெரிந்தால் அது என்டர் இல்லை, ஷிஃப்ட் என்டர். இரண்டு ஓரமும் சமமாக்கிய பத்தியில் நாலு சொல் மட்டும் இருக்கும் வரி இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசி வரை இழுத்துக் கட்டியது போல நிற்குமே, அதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஒட்டும்போதே வடிகட்டிவிட்டால் இந்தப் பாடே இல்லை. வலது பட்டனைத் தட்டினால் ஒட்டும் வழிகள் இரண்டு மூன்று காட்டும், அதில் 'கீப் டெக்ஸ்ட் ஒன்லி' என்பது எழுத்தை மட்டும் விடும். புதிய வேர்டில் கன்ட்ரோல் ஷிஃப்ட் வி அடித்தாலும் அதேதான். பழைய வேர்டா, நோட்பேடில் ஒரு முறை ஒட்டி அங்கிருந்து மறுபடி காப்பி எடுங்கள், பழைய நோட்பேடுக்கு அலங்காரம் எதுவும் தெரியாது என்பதே இங்கே அதன் பெருமை. என்ன, சாய்வும் தடிமனும்கூட அங்கேயே நின்றுவிடும், அவை வேண்டுமென்றால் 'மெர்ஜ் ஃபார்மேட்டிங்' என்ற நடுவழியைப் பாருங்கள்.

பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டினால் ஒவ்வொரு வரியும் ஒரு தனிப் பத்தியாக வந்து விழும். நாள் முழுக்க உட்கார்ந்து டெலீட், ஸ்பேஸ், டெலீட், ஸ்பேஸ் என்று தட்டிக்கொண்டிருந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். அவருக்கு நான் காட்டியது இதுதான்: உண்மையான பத்தி முடியும் இடத்தில் இரட்டை என்டர் இருக்கும், முதலில் அந்த இரட்டை என்டரை இரண்டு நட்சத்திரக் குறியாக மாற்றுங்கள், பிறகு மிச்சமிருக்கும் ஒற்றை என்டர்களை ஸ்பேஸாக மாற்றுங்கள், கடைசியாக நட்சத்திரங்களை என்டராக மாற்றுங்கள். மூன்று நிமிட வேலை. உண்மையான பத்தி முடியும் இடத்திலும் ஒற்றை என்டர்தான் இருக்கிறது என்றால், அந்த இடங்களில் மட்டும் நாமே கையால் நட்சத்திரம் போட்டுவிட்டு ஆரம்பிக்க வேண்டும். தமிழ் பிடிஎஃப் என்றால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எழுத்தே பிய்ந்து வரும். அதற்கு இந்த வைத்தியம் உதவாது, பல நேரம் புதிதாக அடிப்பதுதான் சீக்கிரம்.

எனக்கு அதிகம் வரும் கேள்வி எது தெரியுமா? "நடுவுல ஒரு கோடு வந்துடுச்சு, அழியவே மாட்டேங்குது." மூன்று சிறு கோடு தட்டி என்டர் அடித்தால் வேர்டு தானாகவே அதைப் பக்கம் முழுக்க நீளும் கோடாக மாற்றிவிடும். அதைச் செலக்ட் செய்யவும் முடியாது, டெலீட்டும் ஆகாது, ஏனென்றால் அது கோடே இல்லை, பத்தியின் கீழ்க் கரை. அதற்கு நேர் மேலே இருக்கும் பத்தியில் கர்சரை வைத்து கன்ட்ரோல் க்யூ, போய்விடும். அல்லது கோடு வந்த உடனேயே கன்ட்ரோல் இசட்.

இப்போது தமிழுக்கே உரிய ஆபத்துக்கு வருகிறேன், இதற்காகத்தான் முக்கியமாக இந்தக் கடிதம். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த ஃபைல்கள் இன்னும் ஏராளமாகப் புழக்கத்தில் இருக்கின்றன. பாமினியில் 'தமிழ்' என்று திரையில் தெரிவது, உள்ளே ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ, கூடவே ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். எழுத்துரு என்ற சட்டையைப் போட்டிருப்பதால் தமிழாகத் தெரிகிறது. அந்த ஃபைலில் போய் கன்ட்ரோல் ஏ, அழிப்பான் பட்டன் என்று தட்டினால் சட்டை கழன்றுவிடும், 160 பக்கமும் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். முழுவதும் பாமினி என்றால் திரும்ப செலக்ட் செய்து பாமினி கொடுத்து மீட்டுவிடலாம். ஆனால் நடுநடுவே நிஜமான ஆங்கிலச் சொற்களும் இருந்திருந்தால், எது தமிழ் எது ஆங்கிலம் என்று அந்தப் ஃபைலுக்கே தெரியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுத்திருக்கும் யூனிகோடில் அடித்ததற்கு இந்தப் பயம் இல்லை, தோற்றம் மாறுமே தவிர 'த' என்பது 'த'வாகவே இருக்கும். ஆகவே பழைய எழுத்துரு ஃபைலை முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு, பிறகு ஃபார்மேட்டிங்கைக் கழற்றுங்கள். மாற்றிச் செய்தால் இரட்டை வேலை.

யூனிகோடிலும் ஒரு சின்ன எரிச்சல் உண்டு. ஸ்டைலில் அளவை 12 என்று கொடுத்திருப்போம், ஆங்கிலம் 12-க்கு வரும், தமிழ் மட்டும் 10-லேயோ 11-லேயோ நின்று அடம்பிடிக்கும். வேர்டு தமிழைச் சிக்கலான எழுத்துமுறைகள் என்ற கணக்கில் தனியாக வைத்திருக்கிறது, அதற்கு எழுத்துருவும் அளவும் தனி. எழுத்துருப் பெட்டியைத் திறந்தால் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று கீழே ஒரு பகுதி இருக்கும், அங்கேயும் மாற்ற வேண்டும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எத்தனை வருடம் ஆனது என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

ஒரே ஃபைலை நாலு பேர் நாலு கணினியில் திறந்து எழுதினால் ஏன் கந்தலாகிறது என்றும் கேட்கிறார்கள். 'நார்மல்' என்ற பெயர் எல்லா ஃபைலிலும் ஒன்றுதான், உள்ளே இருப்பது வேறு. வேர்டு 2003-இல் அது டைம்ஸ் நியூ ரோமன் 12, வேர்டு 2007-இல் காலிப்ரி 11, பத்திக்குக் கீழே 10 பாயின்ட் இடைவெளி, 2013-இல் அந்த இடைவெளி 8. ஒரு ஃபைலின் நார்மலை இன்னொன்றில் ஒட்டும்போது எந்த நார்மல் ஜெயிக்கும் என்பது நாம் ஒட்டும் விதத்தைப் பொறுத்தது. வேர்டு போலவே எழுதப் பயன்பட்ட அந்தக் காலத்து மென்பொருளான வேர்ட்பெர்ஃபெக்டில் ஆல்ட் எஃப் 3 தட்டினால் எழுத்துக்கு அடியில் என்னென்ன குறியீடு ஒளிந்திருக்கிறது என்று அப்படியே விரித்துக் காட்டிவிடும், அதில் பழகியவர்கள் இன்னமும் அதை நினைத்துப் பெருமூச்சு விடுவார்கள். வேர்டில் அதற்குக் கிட்டத்தட்ட சமமாக ஷிஃப்ட் எஃப் 1 இருக்கிறது. அடித்தால் வலப்பக்கம் ஒரு பட்டி திறந்து, கர்சர் நிற்கும் இடத்தில் எழுத்துக்கு என்ன, பத்திக்கு என்ன, செக்‌ஷனுக்கு என்ன என்று வகை வகையாகச் சொல்லும். அதன் அடியில் ஒரு கட்டத்தில் டிக் அடித்தால் எது ஸ்டைலிலிருந்து வந்தது, எது கையால் போட்டது என்றும் பிரித்துக் காட்டும். சண்டை போடுவதற்கு முன் எதிரி யார் என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் இல்லை.

சாய்வெழுத்து விஷயத்துக்கு மட்டும் ஒரு வழி சொல்லிவிடுகிறேன், அந்தப் பெண்ணுக்கும் மின்னஞ்சலில் இருந்த பழைய பிரதியை எடுத்து இதைத்தான் செய்து கொடுத்தேன். சுத்தம் செய்யும் முன் 'ஃபைண்ட்' பெட்டியில் எழுத்து எதுவும் போடாமல் சாய்வு என்ற வடிவத்தை மட்டும் தேடச் சொல்லி, கிடைத்ததன் இரு பக்கமும் அடையாளக் குறி போட்டுவிட வேண்டும். 'ரீப்ளேஸ்' பெட்டியில் கூரைக்குறியும் அதோடு 'அண்டு' குறியும் சேர்த்துப் போட்டால் கண்டெடுத்ததையே திரும்ப வைக்கும், அதற்கு முன்னும் பின்னும் நம் குறி. அப்புறம் தைரியமாக ஃபார்மேட்டிங்கைக் கழற்றலாம், குறிகளைப் பார்த்து நூல் பெயர்களை மறுபடி சாய்த்துக்கொள்ளலாம். இறங்கி உட்கார்ந்த அடிக்குறிப்பு எண்களைக் கூரைக்குறியும் சிறிய 'எஃப்' எழுத்தும் போட்டுத் தேடினால் எல்லாம் மாட்டும், ஒரேயடியாக மேலே ஏற்றிவிடலாம். தலைப்புகளுக்கு மட்டும் முன்கூட்டியே குறி போட்டு வைக்கவில்லை, அதனால் ஒவ்வொன்றாக ஹெடிங் ஸ்டைல் போட்டுக்கொண்டே வந்தோம். அவள் வாசிக்க, நான் தட்ட, ஒரு மதியம் போனது.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு கேட்கிறேன். அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் போடுங்கள், நாலு வரியே போதும்: முதலில் பிரதி எடுங்கள், முழு ஃபைலையும் செலக்ட் செய்யாதீர்கள், பழைய எழுத்துருவில் இருந்தால் அந்தப் பட்டன் பக்கமே போகாதீர்கள், ஹைலைட்டுக்கு வேறு பட்டன். இரண்டாவது, வாசகர்களிடம் படைப்பு கேட்கும்போது 'வேர்டு ஃபைலாக அனுப்பவும்' என்று மட்டும் போடுகிறீர்கள். யூனிகோடில், அலங்காரம் எதுவும் இல்லாமல், தலைப்பை நடுவில் நிறுத்த ஸ்பேஸ் தட்டாமல் அனுப்பவும் என்று சேர்த்துப் போட்டால் உங்கள் பக்க வடிவமைப்பாளர் உங்களை வாழ்த்துவார். அவரும் என்னைப் போலத்தான் தினமும் என்டர்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

இப்படிக்கு,
தட்டச்சும் மெய்ப்பும் பார்க்கும் வாசகி

பி.கு.: இந்தக் கடிதத்தை நோட்பேடில் ஒட்டி எடுத்துத்தான் அனுப்பியிருக்கிறேன். நீளம் அதிகம் என்றால் வேர்ட்பெர்ஃபெக்ட் பற்றிய வரிகளை எடுத்துவிடலாம், பாமினி பத்தியில் மட்டும் கை வைக்க வேண்டாம்.